சுருதியைச் சோதித்தறிந்த இசைவாணர்



தொலைநோக்கியால் வானத்தை ஆராய்ந்த கலிலியோவை நீங்கள் அறிவீர்கள். அவருடைய தந்தையாரை அறிந்தோர் சிலரே. நம் இளைஞர்கள் விரும்பி மீட்டும் கித்தார் சுருதி பிசகாமல் ஒலிப்பதற்கு வேண்டிய உண்மைகள் சிலவற்றை நானூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துரைத்த அப்பெருமகனாரின் பெயர் வின்சென்சோ கலிலி.

இவர் இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில், சாந்தா மரியா அ மோன்தே என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 1520ஆம் ஆண்டில் பிறந்தார். கித்தாருக்கு உறவான லூட் என்னும் நரம்புக் கருவியை மீட்டுவதில் தேர்ச்சி பெற்றார். பார்டி என்னும் பிரபுவின் ஆதரவால் வெனிஸ் நகர் சென்று, சார்லினோ என்னும் பேரறிஞரிடம் இசையிலக்கணம் பயின்றார். 1562இல் திருமணம் புரிந்து பைசா நகரில் வாழ்ந்தார். 1564இல் தலைமகன் கலிலியோ பிறந்தார்.

அக்காலத்தில் ஒரு பழங்கதை வழங்கிவந்தது. நரம்பில் தொங்கும் எடையை இரட்டித்தால் அதன் ஒலி மேல் சட்சத்திற்கு உயரும் என்று கிரேக்க அறிஞர் பித்தாகரஸ் கண்டதாக நூல்கள் கூறின. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதனை அறிஞரும் நம்பினர். வின்சென்சோ நரம்பைக் கட்டினார், எடையைத் தொங்கவிட்டார், தம் காதால் கேட்டார். இரட்டித்த எடைக்கு மேல் சட்சம் எழவில்லை. நான்கு மடங்காக்கிய பின்னரே எழுந்தது. நரம்பின் நீளத்தைக் குறைத்து அதே சுரத்தைப் பெறுவதற்கோ, நீளத்தைப் பாதியாக்கினாலே போதும். இவ்வுண்மையை 1589இல் நூலாக வெளியிட்டார்.

தாம் கற்ற ஆசிரியரின் கொள்கைகளையே அவர் 1581இல் எழுதிய நூலில் மறுக்க நேர்ந்தது. 1588இல் சார்லினோ மறுமொழி எழுதினார். மாணவர் பின்வாங்கவில்லை, சான்றுகளையே முன்வைத்தார்.

மெட்டுகளை அமைக்கவும் அவர் எளிய விதியொன்றை வகுத்தார். நரம்பின் நீளத்தை 18 பங்காக்கி, ஒரு பங்கு தள்ளி முதல் மெட்டை வைக்க வேண்டும். எஞ்சிய நீளத்தை மீண்டும் 18 பங்காக்கி அடுத்த மெட்டை வைக்க வேண்டும். 65 செ.மீ. நரம்பில் முதல் மெட்டு ஏறத்தாழ 3.6 செ.மீ. தொலைவில் அமையும். இவ்வாறு சென்றால் 12ஆம் மெட்டு நரம்பின் நடுவை எட்டாமல் 2 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் குறைந்து நிற்கும். கணக்கில் இது குறையே. ஆயினும் விரலால் அழுத்தும்போது நரம்பு இழுபட்டு ஒலி சற்று உயர்வதால், அக்குறை ஓரளவு ஈடாயிற்று. இக்காலத்தில் 18க்குப் பதிலாக 17.817 என்னும் எண்ணைக் கொண்டு மெட்டுகளை அளந்து, இழுபடுதலை ஈடுசெய்யக் குதிரையைச் சற்றுப் பின்னே அமைக்கின்றனர்.

வீட்டில் கித்தார் உள்ளோர் இதனைச் சோதித்தறியலாம். நல்ல கம்பிகளை மாட்டி, தாழ்ந்த ஒலியிலிருந்து மேலேற்றிச் சுருதி சேர்க்க வேண்டும். 12ஆம் மெட்டுக்கு நேரே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டும் ஒலியையும், அங்கேயே அழுத்தி மீட்டும் ஒலியையும் ஒப்பிட வேண்டும். அழுத்திய ஒலி உயர்ந்திருந்தால், குதிரையில் கம்பியைத் தாங்கும் முனையைப் பின்னே நகர்த்துக. தாழ்ந்திருந்தால் முன்னே நகர்த்துக. பின்னர் மீண்டும் சுருதி சேர்த்துச் சோதிக்க வேண்டும். முனை நகராத கருவியாயின் கைதேர்ந்தவரிடம் கொடுப்பதே நலம்.

வின்சென்சோ 1591இல் புளோரன்ஸ் நகரில் மறைந்தார். அப்போது 27 வயதினரான கலிலியோவின் தோளில் குடும்பச் சுமை விழுந்தது. தந்தையார் பெருஞ்செல்வம் வைத்துச் செல்லவில்லை. எதனையும் சோதித்தறியும் வழக்கத்தை விட்டுச் சென்றார். 1638இல் கலிலியோ வெளியிட்ட நூலிலும் நரம்பும் எடையும் பற்றிய அவ்வுண்மை இடம்பெற்றது.

மாணவர்களே! ஆசிரியரை மதியுங்கள், நூல்களைப் போற்றுங்கள். அவற்றில் கற்றதை உங்கள் கையாலும் காதாலும் சோதித்தறியுங்கள். பெற்றோர்களே! பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது தடுக்காதீர்கள். அதுவே நாம் அவர்களுக்கு வைத்துச் செல்லும் செல்வம்.