சான்றிதழ் பெறாத பொறியாளர்

மலேசியச் சாலைகளில் கப்சாய் ஓடாத நாளில்லை. சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்பவர், அதிகாலையில் தோட்டத்துக்குக் கிளம்பும் தொழிலாளி, வீடுவீடாக உணவு கொண்டு சேர்க்கும் இளைஞர் எனப் பலருக்கும் அது உற்ற துணை. இந்தச் சிறிய மோட்டார் சைக்கிளுக்கு முன்னோடியாக அமைந்தது, 1958ஆம் ஆண்டில் ஜப்பானில் உருவான சூப்பர் கப். 2017ஆம் ஆண்டிற்குள் அந்த வகை வண்டிகளின் உற்பத்தி 100 மில்லியனைத் தொட்டது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் பெயர் ஹோண்டா. ஒரு காலத்தில் அது கிராமத்துக் கொல்லர் ஒருவரின் குடும்பப் பெயராக மட்டுமே இருந்தது. அந்தப் பெயரை உலகம் அறியச் செய்தவர் அந்தக் கொல்லரின் மகன் சோய்ச்சிரோ ஹோண்டா.

சோய்ச்சிரோ 1906ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் நாள் ஜப்பானின் ஷிசுவோக்கா மாநிலத்தில், ஹமமட்சு நகருக்கு அருகிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். தந்தை கிஹெய் கொல்லுப் பட்டறை நடத்தியதோடு மிதிவண்டிகளையும் பழுது பார்த்தார். தாய் மிக்கா நெசவு செய்தார். உலைக்களத்தின் சூட்டிலும் சம்மட்டியின் ஓசையிலும் வளர்ந்த சிறுவனுக்கு இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம் ஏற்பட்டது. முதன்முதலாக ஒரு மகிழுந்து ஊருக்குள் வந்தபோது அதன் பின்னாலேயே ஓடினான். அது நின்ற இடத்தில் சொட்டியிருந்த எண்ணெயின் மணத்தை முகர்ந்து மகிழ்ந்தான்.

சோய்ச்சிரோவுக்குப் பத்து வயதானபோது ஹமமட்சுவில் அமெரிக்க விமானி ஒருவரின் வானூர்திச் சாகசம் நடைபெற்றது. அவன் வீட்டில் சொல்லாமல் 2 சென் காசை எடுத்துக்கொண்டு, தந்தையின் பெரிய மிதிவண்டியை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் மிதித்துச் சென்றான். அங்கே நுழைவுக் கட்டணம் 10 சென். காசு போதவில்லை. ஆனாலும் அவன் திரும்பிச் செல்லவில்லை. அருகிலிருந்த மரத்தில் ஏறி, கிளையில் அமர்ந்தபடி வானூர்தி பறப்பதைக் கண்குளிரப் பார்த்தான். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். ஆர்வம் இருக்கும் இடத்தில் வழியும் பிறக்கும் என்பதை அவன் அன்றே காட்டிவிட்டான்.

ஆனால், பள்ளிப் பாடங்களில் அவன் நாட்டம் கொள்ளவில்லை. மதிப்பெண் அறிக்கையில் பெற்றோர் தம் குடும்ப முத்திரையைப் பதித்து அனுப்ப வேண்டும் என்பது பள்ளியின் விதி. தந்தையிடம் அறிக்கையைக் காட்ட அஞ்சிய சோய்ச்சிரோ, மிதிவண்டியின் மிதிகட்டை இரப்பரைச் செதுக்கிப் போலி முத்திரை செய்தான். ஹோண்டா என்னும் பெயரைக் குறிக்கும் இரண்டு ஜப்பானிய எழுத்துகளும் இடமும் வலமும் ஒரே வடிவம் கொண்டவை. எனவே, முத்திரையை நேராகச் செதுக்கியபோதும் பதிவு சரியாகவே விழுந்தது. அந்தத் துணிச்சலில் நண்பர்களுக்கும் முத்திரை செய்து கொடுத்தான். அவர்களுடைய பெயர்களோ கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாறி விழுந்தன. குட்டு வெளிப்பட்டது, தண்டனையும் கிடைத்தது. கைத்திறன் மட்டும் போதாது, அதனைப் பயன்படுத்தும் நோக்கமும் நேர்மையாக இருக்க வேண்டும் என்பதை அந்த நிகழ்ச்சி அவனுக்கு உணர்த்தியிருக்கும்.

தொடக்கக் கல்வியை முடித்ததும், 1922ஆம் ஆண்டில், 15 வயது சோய்ச்சிரோ தோக்கியோவிலிருந்த ஆர்ட் ஷோகாய் என்னும் மகிழுந்துப் பட்டறையில் சேர்ந்தார். கனவுகளுடன் சென்றவருக்குக் கிடைத்த முதல் வேலை என்ன தெரியுமா? முதலாளியின் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுதான்! முதுகில் குழந்தையைச் சுமந்தபடி, மற்றவர்கள் இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதை நாள்தோறும் உற்று நோக்கினார். மாதங்கள் சில கடந்தபின் ஒருநாள், வேலை மிகுதியால் அவரையும் உதவிக்கு அழைத்தார்கள். பார்த்தே கற்றிருந்த அவருடைய திறமை அன்று வெளிப்பட்டது. 1923ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் தோக்கியோவைப் பெரும் நிலநடுக்கமும் தீயும் அழித்தன. பட்டறையும் எரிந்தது. பலர் ஊர் திரும்பினர்; அவரோ அங்கேயே தங்கி, தீயில் கருகிய வண்டிகளைச் சீர்செய்து மேலும் தேர்ச்சி பெற்றார். முதலாளியின் நம்பிக்கையைப் பெற்ற அவர், 1928ஆம் ஆண்டில் அதே பட்டறையின் கிளையை ஹமமட்சுவில் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21.

பட்டறை நன்றாக வளர்ந்தது. ஆனாலும், பிறர் செய்த வண்டிகளைப் பழுது பார்ப்பதோடு அவர் மனம் நிறைவடையவில்லை. தாமே ஒரு பொருளை உருவாக்க விரும்பிய ஹோண்டா, பிஸ்டன் வளையம் தயாரிக்க முடிவு செய்தார். இயந்திரத்தின் உருளைக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது, அதைச் சுற்றியிருக்கும் இவ்வளையமே எரிவாயு கசியாமல் தடுக்கிறது. பார்ப்பதற்குச் சிறியது, செய்வதற்கோ மிகக் கடினமானது. ஹோண்டா வார்த்த வளையங்கள் எளிதில் உடைந்தன. இரவு பகலாக உழைத்தும் பயனில்லை. காரணம் தெரியாமல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை நாடினார். உலோகத்தில் சிலிக்கன் குறைவாக உள்ளது என்று அவர் கண்டறிந்து கூறினார். அந்த அடிப்படை உண்மையைக்கூடத் தாம் அறியவில்லை என்பது ஹோண்டாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவருக்கு அப்போது வயது 30. பல தொழிலாளர்களுக்கு முதலாளி. ஊரில் பெயர் பெற்றவர். இருப்பினும், தம்மைவிடப் பல வயது இளைய மாணவர்களோடு ஹமமட்சு தொழிற்கல்லூரியின் வகுப்பில் அமர அவர் வெட்கப்படவில்லை. உலோகவியலைக் கருத்துடன் கேட்டார். கற்றதை அன்றே தம் தொழிற்சாலையில் சோதித்துப் பார்த்தார். தமக்குத் தேவையான பாடங்களை மட்டுமே கேட்ட அவர், தேர்வுகள் எதையும் எழுதவில்லை. அதனால் கல்லூரி அவருக்குச் சான்றிதழ் வழங்கவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்படவுமில்லை.

படிப்பு உடனே வெற்றியைத் தந்துவிடவில்லை. டொயோட்டா நிறுவனத்தின் தரச் சோதனைக்கு அவர் அனுப்பிய 50 வளையங்களில் மூன்று மட்டுமே தேறின. மீண்டும் பல்கலைக்கழகங்களுக்கும் எஃகு ஆலைகளுக்கும் அலைந்து, நுட்பங்களைக் கேட்டறிந்தார். ஏறத்தாழ ஈராண்டு உழைப்புக்குப்பின் அவருடைய வளையங்கள் டொயோட்டாவின் ஏற்பைப் பெற்றன. ஆனால், இரண்டாம் உலகப் போர் அவரை விட்டுவைக்கவில்லை. குண்டுவீச்சு நகரத்தைச் சிதைத்தது. 1945ஆம் ஆண்டு ஜனவரியில் ஏற்பட்ட நிலநடுக்கம் தொழிற்சாலையைத் தகர்த்தது. போர் முடிந்ததும் எஞ்சியிருந்த நிறுவனத்தை டொயோட்டாவிடம் விற்றுவிட்டு, ஓராண்டு எத்தொழிலும் செய்யாமல் ஓய்ந்திருந்தார்.

போருக்குப் பிந்திய ஜப்பானில் உணவுக்கும் எரிபொருளுக்கும் தட்டுப்பாடு நிலவியது. தொடர்வண்டிகளில் கால்வைக்க இடமில்லை. மக்கள் உணவு தேடி நெடுந்தூரம் மிதிவண்டியில் சென்றனர். ஹோண்டாவின் மனைவி சாச்சியும் அவர்களில் ஒருவர். இந்நிலையில், இராணுவம் கைவிட்ட சிறிய மின்னாக்கி இயந்திரம் ஒன்று ஹோண்டாவின் கண்ணில் பட்டது. அதை மிதிவண்டியில் பொருத்தினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. எரிபொருள் கலன் கிடைக்காதபோது, குளிர்காலத்தில் பயன்படும் வெந்நீர்க் குடுவையையே கலனாக்கினார். அவ்வண்டியைச் சாச்சியே ஓட்டிச் சோதித்தார். மக்கள் அதை விரும்பி வாங்கினர். கைவசமிருந்த இயந்திரங்கள் தீர்ந்தவுடன் ஹோண்டா சொந்த இயந்திரத்தை வடிவமைத்தார். 1948ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் ஹோண்டா மோட்டார் நிறுவனம் உதயமானது.

இயந்திரங்களை அறிந்த அளவுக்கு ஹோண்டாவுக்குக் கணக்கு வழக்குத் தெரியாது. அதை அவர் மறைக்கவில்லை. 1949ஆம் ஆண்டில் தக்கேயோ புஜிசாவா என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்து, பணமும் விற்பனையும் சார்ந்த பொறுப்பு முழுவதையும் அவரிடம் விட்டார். நிறுவனத் தலைவரின் முத்திரையைக்கூடப் புஜிசாவாவே வைத்திருந்தார். பள்ளி நாளில் போலி முத்திரை செய்த கை, பின்னாளில் உண்மையான முத்திரையை நண்பரிடம் நம்பி ஒப்படைத்தது.

1954ஆம் ஆண்டில் நிறுவனம் கடும் பண நெருக்கடியில் தவித்தது. அதே ஆண்டில், பிரிட்டனுக்கு அருகிலுள்ள மேன் தீவில் நடைபெறும் புகழ்பெற்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் வெற்றி பெறுவோம் என்று ஹோண்டா அறிவித்தார். பிறகு, அப்பந்தயத்தைக் காண நேரில் சென்றவர் திகைத்துப் போனார். அங்கு ஓடிய ஐரோப்பிய வண்டிகளின் ஆற்றல், தம்முடைய வண்டிகளைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. அவர் மனம் தளரவில்லை; உதிரிப் பாகங்களை வாங்கிக்கொண்டு நாடு திரும்பினார். 1959ஆம் ஆண்டில் அவருடைய வண்டிகள் முதன்முறையாக அங்கே களமிறங்கின. 1961ஆம் ஆண்டில் 125 சிசி, 250 சிசி ஆகிய இரு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்களையும் ஹோண்டா வண்டிகளே பிடித்தன. போருக்குப்பின் மலிவுப் பொருள் செய்யும் நாடு என்று பெயரெடுத்திருந்த ஜப்பானை உலகம் வியந்து நோக்கியது.

அடுத்து அவர் பார்வை மகிழுந்தின் மீது விழுந்தது. அச்சமயம், புதிய நிறுவனங்கள் மகிழுந்துத் துறையில் நுழைவதைக் கட்டுப்படுத்த ஜப்பானிய அரசு சட்டம் இயற்ற முனைந்தது. ஹோண்டா அதை வெளிப்படையாக எதிர்த்தார். அச்சட்டம் நிறைவேறவில்லை. 1963ஆம் ஆண்டில் ஹோண்டாவின் முதல் சிறு சரக்குந்தும் முதல் மகிழுந்தும் விற்பனைக்கு வந்தன. இரண்டே ஆண்டுகளில், மெக்சிகோவில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஹோண்டா மகிழுந்து முதலிடம் பெற்றது.

இத்தனை வெற்றிகளுக்குப் பிறகுதான் ஹோண்டா தம் வாழ்வின் கடினமான சோதனையைச் சந்தித்தார். இயந்திரம் சூடேறாமல் இருக்க அதைக் காற்றால் குளிர்விக்கலாம், நீராலும் குளிர்விக்கலாம். காற்று முறையே சிறந்தது என்பது ஹோண்டாவின் அசையாத நம்பிக்கை. அவ்வாறே 1969ஆம் ஆண்டில் வெளிவந்த மகிழுந்து எடை மிகுந்ததாகவும் செய்வதற்குச் சிக்கலானதாகவும் அமைந்து, எதிர்பார்த்தபடி விற்கவில்லை. நகரங்களில் புகை மாசு பெருகிய காலம் அது. தூய்மையான புகையை வெளியிடும் இயந்திரம் வேண்டுமானால், அதன் வெப்பத்தைச் சீராக வைத்திருக்க வேண்டும்; அதற்கு நீர் முறையே ஏற்றது என்று இளம் பொறியாளர்கள் கருதினர். ஆனால், தலைவரை எதிர்த்துப் பேசுவது எளிதன்று. ஹோண்டா முன்கோபி, தவறு கண்டால் கையிலிருக்கும் கருவியை வீசியெறிபவர். இடி என்றே தொழிலாளர்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

இளையோரின் கவலை புஜிசாவாவின் காதுக்கு எட்டியது. அவர் ஹோண்டாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நிறுவனத்தின் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராக இருக்கப் போகிறீர்களா என்பதுதான் அது. சிறிது நேரம் எண்ணிப் பார்த்த ஹோண்டா, தலைவராக இருப்பதே தம் கடமை என்றார். நீர் முறைக்கும் இசைவளித்தார். வாழ்நாள் முழுவதும் தம் கைத்திறனை நம்பியே உயர்ந்த ஒருவருக்கு அது எத்தனை கடினமான முடிவு!

அந்த விட்டுக்கொடுத்தல் வீண்போகவில்லை. 1972ஆம் ஆண்டில் இளம் பொறியாளர்கள் சிவிசிசி என்னும் இயந்திரத்தை உருவாக்கினர். எரிபொருளை மிகக் குறைவாகக் கலந்து முழுமையாக எரிக்கும் முறை அதில் இருந்தது. அமெரிக்கா விதித்த கடுமையான புகைக் கட்டுப்பாட்டை நிறைவு செய்ய இயலாது என்று பெரிய நிறுவனங்கள் கூறிவந்தபோது, அதை முதலில் நிறைவு செய்தது இந்த இயந்திரமே. பிற நிறுவனங்கள் இத்தொழில்நுட்பத்தைப் பெற முன்வந்தன. அவற்றுள் முதலாவது டொயோட்டா. ஒரு காலத்தில் 50 வளையங்களில் 47ஐத் திருப்பியனுப்பிய அதே நிறுவனம்!

இந்த இயந்திரத்தால் அமெரிக்க நிறுவனங்களுக்கு இணையாக வளரலாம் என்று ஹோண்டா பெருமைப்பட்டார். இளம் பொறியாளர்கள் அதை ஏற்கவில்லை. தாங்கள் உழைத்தது போட்டிக்காக அன்று, மக்களின் நலனுக்காகவே என்றார்கள். தம்மைவிட இளையவர்கள் உயர்வாகச் சிந்திக்கிறார்கள் என்பதை உணர்ந்த அவர், விலகும் நேரம் வந்துவிட்டதென முடிவு செய்தார். 1973ஆம் ஆண்டு அக்டோபரில் ஹோண்டாவும் புஜிசாவாவும் ஒன்றாகவே ஓய்வு பெற்றனர். ஹோண்டா தம் பிள்ளைகளை நிறுவனத்தில் சேர்க்கவில்லை. தலைமைப் பொறுப்பு 45 வயதான கியோஷி கவஷிமாவிடம் சென்றது.

ஓய்வுக்குப்பின் ஹோண்டா நாடெங்கும் பயணம் செய்து, தம் நிறுவனத்தின் தொழிற்சாலைகளிலும் விற்பனை நிலையங்களிலும் பணியாற்றியவர்களைச் சந்தித்துக் கைகுலுக்கி நன்றி கூறினார். ஓரிடத்தில், எண்ணெய்க் கறை படிந்த கையைக் கழுவி வரத் தொழிலாளி ஒருவர் ஓடினார். ஹோண்டா அவரைத் தடுத்து, அந்தக் கறைபட்ட கையையே மகிழ்ச்சியோடு பற்றிக் குலுக்கினார். 1989ஆம் ஆண்டில், அமெரிக்காவிலுள்ள வாகனத் துறைச் சாதனையாளர் மன்றத்தில் இடம்பெற்ற முதல் ஜப்பானியர் என்ற சிறப்பு அவருக்குக் கிடைத்தது. 1991ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், தமது 84ஆம் வயதில் அவர் மறைந்தார். பெரிய இறுதிச் சடங்கு நடத்தினால் போக்குவரத்து நெரிசல் ஏற்பட்டு மக்கள் அவதியுறுவர் என்பதால், அது வேண்டாம் என்று முன்னரே சொல்லி வைத்திருந்தார்.

ஹோண்டாவின் இடக்கையில் பல தழும்புகள் இருந்தன. வலக்கை சம்மட்டியைப் பிடிக்கும்போது அடி விழுந்ததெல்லாம் இடக்கையில்தான். கல்லூரி வழங்காத சான்றிதழை அந்தக் கை தாங்கி நின்றது. ஆயினும், அவர் பெயரை நிலைநிறுத்தியது உழைப்பு மட்டுமன்று. 30 வயதில் மாணவராக வகுப்பில் அமர்ந்த பணிவும், 60 வயதைக் கடந்தபின் இளையோர் சொல்லுக்குச் செவிசாய்த்த பெருந்தன்மையும் சேர்ந்தே சோய்ச்சிரோ ஹோண்டாவை உயர்த்தின.