கடலின் கூச்சத்தை விலக்கிப் பார்த்தவர்

அஸர் நேரத்தில் தலவிலக் கரையில் நின்றால் கடலை நேராகப் பார்க்க முடியாது. மேற்கே சாயும் சூரியன் நீரில் பட்டுத் தெறித்துக் கண்ணைக் கூசச் செய்யும். கடலுக்குப் போய்வரும் என் வாப்பா எந்நேரமும் கண்ணைச் சுருக்கியே பார்ப்பார். இந்தக் கூச்சத்தை விலக்கிவிட்டுக் கடலைப் பார்த்தால் என்ன தெரியும் என்று சிந்தித்த ஒரு தமிழர் இருந்தார். அவரே சர் சி. வி. இராமன்.

1888 நவம்பர் 7 ஆம் திகதி திருச்சிராப்பள்ளிக்கு அருகேயுள்ள திருவானைக்காவலில் அவர் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் கல்லூரி விரிவுரையாளர். தாய் பார்வதி அம்மாள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த இராமன், பதினெட்டு வயதிலேயே ஒளியைப் பற்றிய தமது முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். மேற்படிப்புக்காக இங்கிலாந்து செல்ல அவரது உடல்நிலை இடந்தரவில்லை. எனவே 1907 இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தா சென்றார். காலையிலும் மாலையிலும் அங்குள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார்; பகலில் அலுவலகம் போனார். 1917 இல் அதிக சம்பளம் தந்த அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பேராசிரியரானார்.

1921 இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டுக்காக அவர் கடற்பயணம் மேற்கொண்டார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரைக் கவர்ந்தது. வானத்தின் நீலமே கடலில் தெறித்துத் தெரிகிறது என்பது பெரும் விஞ்ஞானியான ரேலி பிரபுவின் கருத்து. இராமன் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. நிக்கோல் அரியம் என்னும் சிறிய பளிங்குக் கருவியைக் கண்ணருகே பிடித்துக் கடலைப் பார்த்தார்.

சாதாரண ஒளியின் அலைகள் எல்லாத் திசைகளிலும் அதிர்கின்றன. நீரில் சாய்வாகப் பட்டுத் தெறிக்கும் ஒளியோ பெரும்பாலும் கிடையாகவே அதிர்கிறது. இதனை முனைவாக்கம் என்கிறோம். நிக்கோல் அரியத்தைத் தக்கவாறு திருப்பினால் அந்தக் கிடை அதிர்வு தடைப்படும். இராமன் அவ்வாறு திருப்பியதும் தெறித்த ஒளி மறைந்தது. கடலின் நீலமோ மறையாமல், இன்னும் அழகாகத் தெரிந்தது. அப்படியானால் அந்த நீலம் நீரிலிருந்தே வருகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம் என அவர் விளக்கினார். ‘நார்கண்டா’ கப்பலில் திரும்பி வரும்போதே எழுதி, பம்பாய்த் துறைமுகத்திலிருந்து ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்பினார்.

அந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றே 1928 பெப்ரவரி 28 இல் ‘இராமன் விளைவை’க் கண்டறிந்தார், 1930 இல் நோபல் பரிசு பெற்றார். முதுமையிலும் ஓயாமல், கண் நிறங்களைக் காணும் விதத்தை ஆராய்ந்து 1968 இல் நூல் வெளியிட்டார். 1970 நவம்பர் 21 இல் பெங்களூரில் காலமானார்.

இராமன் கப்பலில் பயன்படுத்திய அதே தத்துவம்தான் இன்று போலரொயிட் கண்ணாடியில் இருக்கிறது. அது கிடையாக அதிரும் ஒளியைத் தடுப்பதால் நீரின் கூச்சம் குறைகிறது. ஆனால் அது மட்டும் போதாது. வாப்பா சந்தையில் மலிவாக வாங்கிய கறுப்புக் கண்ணாடியைப் பல வருடம் அணிந்தார். பிறகு அவர் கண்ணோரத்தில் சதை வளர்ந்திருப்பதை மருத்துவர் காட்டினார். வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்கள் அதற்கு ஒரு முக்கிய காரணம். கண்ணாடியின் கறுப்பு நிறம் அக்கதிர்களைத் தடுப்பதில்லை என்று அன்றுதான் அறிந்தோம். இருட்டில் கண்மணி விரிவதால், பாதுகாப்பற்ற கறுப்புக் கண்ணாடி கூடுதலான கதிர்களை உள்ளே விட்டுவிடவும் கூடும். ‘யுவி 400’ என்ற குறிப்பு உள்ளதா எனப் பார்த்தே வாங்க வேண்டும் என்றார் மருத்துவர்.

இப்போது வாப்பா அத்தகைய கண்ணாடியும் அகன்ற தொப்பியும் அணிந்தே கடலுக்குப் போகிறார். தோழிகளே, பெரியவர் ஒருவர் சொன்னதையும் சோதித்துப் பார்த்தார் இராமன். நாமோ ஒரு கண்ணாடியின் கறுப்பைப் பார்த்தே நம்பிவிட்டோம். உங்கள் வீட்டிலும் வெயிலில் உழைப்பவர் இருந்தால், அவரது கண்ணாடியை இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.