புதுமைப்பித்தன்: வாழ்வும் மிகைப்புனைவும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ச் சிறுகதையில் நடப்பியலின் முன்னோடியாகப் போற்றப்படும் புதுமைப்பித்தன் மிகைப்புனைவிலும் தனித்தடம் பதித்தவர். அவர்தம் வாழ்க்கைப் போக்கோடு அப்புனைவுகளை இணைத்து நோக்கி, மிகைப்புனைவு அவரிடம் நடப்புலகைச் சோதிக்கும் கருவியாக அமைந்தமையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மிகைப்புனைவு, கற்பனை, நடப்பியல், தொன்மம், சிறுகதை

முன்னுரை

தோற்றமளித்தல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த ஃபேன்டஸி என்னும் கலைச்சொல் இன்று இரு பொருளில் ஆளப்படுகிறது. புலன்முன் இல்லாததை மனம் உருவாக்கிக் காணும் ஆற்றல் ஒன்று. உலகியலில் நிகழவொண்ணாததை நிகழ்ந்ததாகக் காட்டும் புனைகதை வகை மற்றொன்று. முன்னது படைப்போர் அனைவர்க்கும் பொது. பின்னது சிலர் தேர்ந்துகொள்ளும் வடிவம். இல்பொருள் உவமையை அணியிலக்கணத்திலும், நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கூடிய புலனெறி வழக்கத்தைத் தொல்காப்பியத்திலும் பெற்றிருந்த தமிழ் மரபுக்கு இவை அயலானவை அல்ல. அம்மரபைச் சிறுகதைக்குள் கொணர்ந்தோருள் புதுமைப்பித்தன் தலையாயவர்.

இளமையும் இதழியலும்

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய இவர், 1906 ஏப்ரல் 25 அன்று திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் சொக்கலிங்கம் பிள்ளை அரசுப் பணியில் இருந்தமையால் குடும்பம் பல ஊர்களுக்கு இடம்பெயர்ந்தது. இளமையிலேயே தாயை இழந்த இவர், 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியபின் அங்கே வளர்ந்தார். இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பட்டம் பெற்றார். நெல்லை வழக்கும் சைவப் பின்புலமும் பிற்காலக் கதைகளின் மொழிக்கு உரமாயின.

1934 முதல் இவர் கதைகள் மணிக்கொடியில் வெளிவந்தன. ஊழியன், தினமணி, தினசரி ஆகிய இதழ்களில் பணியாற்றினார். செய்தியை நாள்தோறும் கையாண்ட அதே கை, மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட ஃபிராங்கன்ஸ்டைன் புதினத்தைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழாக்கியது. மேலைப் புனைவின் அச்சுறுத்தும் கற்பனையை இவர் நெருங்கி அறிந்திருந்தமைக்கு இது சான்று.

மிகைப்புனைவின் முதிர்ச்சி

இவ்வகையில் 1943 குறிப்பிடத்தக்க ஆண்டு. ‘காஞ்சனை’யில் வேலைக்காரியாக வீடு புகும் பெண் பேயா, கணவனின் மனப்பிறழ்ச்சி கண்ட தோற்றமா என்பது இறுதிவரை முடிவாவதில்லை. இயற்கை விளக்கத்திற்கும் இயற்கை கடந்த விளக்கத்திற்கும் இடையே வாசகர் கொள்ளும் தயக்கத்தையே இவ்வகைமையின் இலக்கணமாகத் தோதொரோவ் 1970இல் வகுத்தார். அவ்விலக்கணத்திற்கு இக்கதை முன்னரே இலக்கியமாகி நின்றது.

‘சாப விமோசனம்’ இராமகாதையின் தொன்மத்தை மீட்டெடுக்கிறது. கல்லுருவம் நீங்கிய அகலிகை, சீதை தீப்புக நேர்ந்த செய்தியைக் கேட்டு மீண்டும் கல்லாகிறாள். மரபில் அருளின் அடையாளமாக நின்ற அற்புதம், இங்கு அறத்தின்மீது எழுப்பப்படும் வினாவாக மாறுகிறது.

‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் இறைவனே சென்னைத் தெருவிற்கு வருகிறார். சித்த வைத்திய இதழ் நடத்தும் பிள்ளை, அவரோடு காப்பி அருந்துகிறார். ஆயுள் சந்தாவும் கேட்கிறார். இறைவனின் கூத்துக்கு நகரத்தில் மதிப்பில்லை. டிராம், சில்லறைக் கணக்கு, வாடகை வீடு என அனைத்தும் உண்மையாயிருக்க, நிகழவொண்ணாதது ஒன்றே ஒன்றுதான். அவ்வொன்று சுற்றியுள்ள வாழ்வின் விலையை அளக்கிறது. 1945இல் வெளிவந்த ‘கபாடபுரம்’ கடல்கொண்ட நகரத் தொன்மத்தைக் களமாக்கியது.

இறுதிக் காலம்

வருவாயின்மை இவரைத் திரைத்துறைக்கு ஈர்த்தது. ராஜமுக்தி படப்பணிக்காகப் புனே சென்றவர் காசநோய் முற்றித் திரும்பினார். 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் மறைந்தார். அப்போது அகவை 42.

முடிவுரை

வறுமையும் நோயும் சூழ்ந்த வாழ்வில் எழுதப்பட்டவை என்பதால் இக்கதைகளைத் துன்பத்திலிருந்து தப்பும் முயற்சியாகக் கொள்ளுதல் எளிது. கதைகள் அதற்கு இடந்தரவில்லை. அகலிகைக்கு அற்புதம் ஆறுதல் தரவில்லை. இறைவன் வருகையால் பிள்ளையின் வறுமை தீரவுமில்லை. கற்பனை என்னும் ஆற்றலும் மிகைப்புனைவு என்னும் வகைமையும் இவரிடம் ஒன்றுபடும் இடம் இதுவே. இவர்தம் மிகைப்புனைவுக் கதைகளை நடப்பியல் கதைகளினின்று பிரித்து, விதிவிலக்குகளாக ஒதுக்கும் பகுப்பு இதனால் மறுபரிசீலனைக்கு உரியதாகிறது.