புளிப்பைக் கண்ணால் கண்ட ராபர்ட் பாயில்

கராடியில் ஒரு தமிழ்க் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை. வாரம் முழுவதும் ஆபீசுக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்தி, மஞ்சள் கறை படிந்திருக்கிறது. சோப்புப் போட்டுத் தேய்க்கிறார்கள். கறை போகவில்லை, ரத்தம் பட்டதுபோல் சிவந்துவிடுகிறது. சட்டை பாழாகிவிட்டதே என்று மனம் பதைக்கிறது. எலுமிச்சைத் துண்டை வைத்துத் தேய்த்தால் சிவப்பு மறைந்து, கறை பழையபடி மஞ்சள் ஆகிறது.

ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதேதான். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவப்பு நிறம் வருகிறது. சங்கராந்தியை ஒட்டி மராட்டியப் பெண்கள் நடத்தும் ஹல்தி-குங்கு விழாவில் நெற்றிக்கு இடும் குங்குமமும், பழைய முறைப்படி செய்தால், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்ததுதான்.

இப்படி நிறம் மாறுவதை எல்லா நாட்டு மக்களும் பார்த்திருந்தார்கள். துணிக்குச் சாயம் போடுகிறவர்களுக்கும், ஓவியத்துக்கு வர்ணம் குழைப்பவர்களுக்கும் அது தெரிந்த சங்கதி. ஆனால், நிறம் மாறுவதை வைத்தே எது அமிலம், எது காரம், எது இரண்டிலும் சேராதது என்று பிரித்துவிடலாம் எனப் பொதுவான சோதனை முறையாக்கி, 1664-ல் வெளியிட்ட நூலில் எழுதி வைத்தவர் ராபர்ட் பாயில்.

பதினான்காவது பிள்ளை

பாயில் 1627 ஜனவரி 25-ந் தேதி அயர்லாந்தில் உள்ள லிஸ்மோர் கோட்டையில் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் பாயில், கார்க் பிரபு. அந்தக் காலத்தில் பெரும் செல்வந்தர். அவருக்கு இவர் பதினான்காவது பிள்ளை.

கோட்டையில் பிறந்தாலும் கைக்குழந்தையாக இருந்தபோதே கிராமத்துச் செவிலித்தாயிடம் வளர்க்க அனுப்பிவிட்டார்கள். 3 வயதில் பெற்ற தாயை இழந்தார். திக்கிப் பேசிய சிறுவர்களைப் பார்த்து விளையாட்டாகத் தாமும் அப்படியே பேசப்போய், அந்தத் திக்குவாய் அவரிடமே ஒட்டிக்கொண்டது.

8 வயதில் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் சேர்ந்தார். 12 வயதில் அண்ணனுடனும் ஆசிரியருடனும் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். ஜெனீவாவில் படித்தார். 1642-ன் தொடக்கத்தில் அவர் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் தங்கியிருந்தபோது, அந்த நகரத்தை அடுத்த ஊரில் கலிலியோ காலமானார். கலிலியோவின் நூல்கள் பாயிலின் மனத்தில் ஆழப் பதிந்தன.

அயர்லாந்தில் கலகம் மூண்டதால் வீட்டிலிருந்து பணம் வருவது நின்றது. 1643-ல் தந்தையும் இறந்தார். 1644-ல் இங்கிலாந்து திரும்பிய பாயில், தந்தை விட்டுச்சென்ற ஸ்டால்பிரிட்ஜ் பண்ணை வீட்டில் குடியேறினார்.

பட்டறையில் கற்ற பாடம்

ரசாயன ஆராய்ச்சி செய்ய ஆசை வந்தது. 1647-ல் மண்ணால் செய்த உலை ஒன்றை வரவழைத்தார். அது வழியிலேயே உடைந்து, துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. அவர் மனம் தளரவில்லை.

பிரபு வீட்டுப் பிள்ளை உலை ஊதுவதும், கையில் கரி பூசிக்கொள்வதும் அந்தக் காலத்தில் கௌரவக் குறைவு. பாயில் அதைப் பொருட்படுத்தவில்லை. சாயக்காரர், கண்ணாடி செய்பவர், உலோகத் தொழிலாளி ஆகியோரின் அனுபவ அறிவைப் படித்தவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தி எழுதினார். தொழிலாளி கையால் கண்டதைத்தான் அவர் பிறகு விஞ்ஞானமாக்கினார்.

1650-களின் நடுவில் ஆக்ஸ்போர்டு நகருக்குக் குடிபெயர்ந்தார். ராபர்ட் ஹூக் என்ற இளைஞர் உதவியாளராகச் சேர்ந்து, காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பம்பு ஒன்றைச் செய்து கொடுத்தார். வெப்பநிலை மாறாதபோது, காற்றின் மீது அழுத்தத்தை இரு மடங்காக்கினால் அதன் கனஅளவு பாதியாகும் என்ற விதியைப் பாயில் 1662-ல் வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கும் பாயில் விதி அதுதான்.

நாக்கே தராசு

அந்தக் காலத்தில் அமிலத்தை அறிய நாக்குதான் தராசு. புளித்தால் அமிலம். கசந்து, விரலிடையே சோப்புப் போல வழுக்கினால் காரம். கடுமையான அமிலம் என்றால் நாக்கு வெந்துபோகும். நஞ்சு என்றால் உயிருக்கே ஆபத்து. அதோடு, ஒருவர் நாக்குக்குப் புளிப்பது இன்னொருவருக்குப் புளிக்காது. சோதித்தவர் சொன்னதை மற்றவர்கள் நம்ப வேண்டியதுதான். வேறு வழி இல்லை.

பாயில் கையில் எடுத்தது வயலட் பூவின் நீல நிறப் பாகு. மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைத்த பொருள். வெள்ளைக் காகிதத்தில் அந்தப் பாகில் ஒரு சொட்டு விட்டார். அதன்மேல் அமிலம் பட்டதும் சிவப்பு. சாம்பலிலிருந்து எடுத்த காரம் பட்டதும் பச்சை. இரண்டும் அல்லாத பொருளானால் நீலம் நீலமாகவே இருந்தது.

இரண்டே நிற மாற்றம். கிடைத்ததோ மூன்று பதில்! அந்தக் காகிதத்தை எஜமானும் பார்க்கலாம், வேலைக்காரனும் பார்க்கலாம். யார் பார்த்தாலும் சிவப்பு சிவப்புதான்.

மூன்றாவது பதில்தான் பெரிய சண்டைக்குத் தீர்ப்புச் சொன்னது. உலகில் உள்ள எல்லாப் பொருளும் அமிலம் அல்லது காரம், மனிதனுக்கு வரும் நோய்களும் அந்த இரண்டின் மோதலே என்று சொல்லி வைத்தியம் பார்த்தவர்கள் அப்போது இருந்தார்கள். இரண்டிலும் சேராத பொருள்கள் இருப்பதை நிறம் காட்டிக் கொடுத்தது. அந்தக் கொள்கையை மறுத்து 1675-ல் பாயில் தனியாகவே எழுதினார்.

நிறம் ஏன் மாறுகிறது என்பது அவர் காலத்தில் தெரியாது. அமிலம் கொடுக்கும் ஹைட்ரஜன் அயனியைப் பூச்சாயத்தின் மூலக்கூறு ஏற்றுக்கொள்ளும்போது அதன் அமைப்பு மாறுகிறது. காரம் அந்த அயனியைப் பறிக்கும்போது மறுபடியும் மாறுகிறது. அமைப்பு மாறினால் நிறமும் மாறும். இது பிற்காலம் கண்ட விளக்கம்.

அமிலம் குடித்த ஏடுகள்

நிறங்களை இவ்வளவு கூர்ந்து கவனித்த பாயிலுக்குப் பார்வை பலவீனம். 1654 வாக்கில் வந்த நோய் கண்ணைப் பாதித்தது. அதன்பிறகு அவர் சொல்லச் சொல்ல உதவியாளர்களே எழுதினார்கள்.

1668-ல் லண்டனில் அக்காள் கேதரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். 1670-ல் பக்கவாதம் தாக்கியது. அதிலிருந்து மீண்டு ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இந்தியாவில் வியாபாரம் செய்த கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் குழுவிலும் சில ஆண்டுகள் இருந்தார். தாமும் சேர்ந்து தொடங்கிய ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சங்கத்துக்கு 1680-ல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதவிப் பிரமாணம் எடுக்க மனம் ஒப்பாததால் அதை ஏற்கவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை.

அமிலத்தை அடையாளம் காட்டியவரை அமிலம் சும்மா விடவில்லை. எழுதி வைத்த ஏடுகள் பல திருட்டுப் போயின. மிஞ்சியவை இருந்த பெட்டியின் மேல் கந்தக அமிலக் குப்பி உடைந்து கொட்டியதில் பல பக்கங்கள் அழிந்தன. இந்த இழப்பை 1688-ல் அவரே அச்சிட்டு ஊருக்குத் தெரிவித்தார்.

1691 டிசம்பர் 23-ந் தேதி அக்காள் கேதரின் இறந்தார். எட்டே நாளில், டிசம்பர் 31-ந் தேதி, தம்பியும் கண்ணை மூடினார். இருவரையும் அடக்கம் செய்த லண்டன் தேவாலயம் அடுத்த நூற்றாண்டில் இடித்துக் கட்டப்பட்டதால், பாயிலின் கல்லறை எங்கே என்பது இன்று தெரியவில்லை.

வீட்டுக்கு வீடு சோதனைச்சாலை

பாயில் காட்டிய வழியில் பிறகு லிட்மஸ் தாள் பள்ளிக்கூடம் வரை வந்தது. டென்மார்க் விஞ்ஞானி சோரன்சன் 1909-ல் பி.எச். அளவை வகுத்தார். அதில் 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்.

வயலட் பூவுக்குக் கராடியில் அலைய வேண்டாம். வேலியில் படரும் நீலச் சங்குப்பூ போதும். மராட்டியர் அதைக் கோகர்ண் என்பார்கள். பூவை வெந்நீரில் போட்டால் நீலச் சாறு இறங்கும். எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதாவும் இளஞ்சிவப்புமாக மாறும். சலவை சோடா கரைசல் விட்டால் பச்சையாகும். மஞ்சளுக்கு அந்தத் திறமை பாதிதான்: காரத்தைச் சிவந்து காட்டும், அமிலத்தையும் தண்ணீரையும் பிரித்துச் சொல்லாது.

கழிவறை கழுவும் அமிலமும் காஸ்டிக் சோடா கரைசலும் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கக்கூடும். பெயர் ஒட்டாத டப்பாவை முகர்ந்து பார்ப்பதும், தொட்டு நாக்கில் வைப்பதும் இன்றும் சில இடங்களில் நடக்கிறது. அந்த வேலையிலிருந்து நாக்குக்கு ஓய்வு கொடுத்து 350 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.