தோளுக்குப் பின்னால் ஒரு வால்வு



மலருக்கு ஒரு பிரபலமானவரின் வாழ்க்கையை எழுதலாம் என்றதும் எனக்கு நினைவு வந்தவர் ஒரு பாடகர். மெக்கானிக்கல் மாணவனுக்குப் பாடகர் எதற்கு என்று கேட்காதீங்க, கடைசி வரை படியுங்கள்.

ஜான் டென்வர் 1943 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவில் ராஸ்வெல் நகரில் பிறந்தார். அப்பா விமானப்படை பைலட். ஊர் ஊராக மாறிய குடும்பம். பாட்டி கொடுத்த பழைய கிட்டார்தான் சிறுவனுக்குத் துணை. கல்லூரியில் கட்டிடக்கலை படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டுப் பாட வந்தார். 1971-ல் வந்த 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' அவரை உலகறியச் செய்தது. ஊருக்குப் போக ஏங்கும் பாட்டு. ஹாஸ்டலில் இருக்கிற நமக்குச் சொல்லவா வேணும்!

பாட்டு போலவே பறப்பதிலும் அவருக்குப் பைத்தியம். 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம். 1997-ல் 'லாங் ஈஸி' என்ற சின்ன விமானத்தை வாங்கினார். பர்ட் ரூட்டன் வடிவமைத்தது. வரைபடம் வாங்கி, ஃபோமும் ஃபைபர் கிளாஸும் வைத்து அவரவரே கட்டிக்கொள்வது. டென்வர் வாங்கியது வேறொருவர் கட்டியது.

அதில் இடது, வலது என இரண்டு பெட்ரோல் டேங்க். ஒன்று தீர்ந்தால் அடுத்ததற்கு வால்வைத் திருப்ப வேண்டும், பழைய பைக்கில் ரிசர்வ் போடுகிறோமே, அது மாதிரி. வரைபடப்படி அந்த வால்வு பைலட்டின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும் இடத்தில். ஆனால் கட்டியவர், பெட்ரோல் குழாய் பைலட் இருக்கும் அறைக்குள் வரக்கூடாது என்று எண்ணி, இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். அவர் நினைத்ததும் பாதுகாப்புதான்! கைப்பிடியில் எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை.

1997 அக்டோபர் 12. கலிபோர்னியாவின் மான்டரே விமான நிலையம். வால்வு எட்டவில்லை என்று தெரிந்து, ஒரு மெக்கானிக்கோடு சேர்ந்து இடுக்கியை மாட்டிக் கைப்பிடியை நீட்டிப் பார்த்தார். சரிவரவில்லை. பெட்ரோல் போடவா என்று கேட்டதற்கும், கொஞ்ச நேரம்தானே என்று வேண்டாம் என்றுவிட்டார். கடலுக்கு மேல் சில நூறு அடி உயரத்தில் விமானம் தடுமாறி விழுந்தது. வயது 53.

வால்வைத் திருப்ப வலது கையை ஸ்டிக்கிலிருந்து எடுத்து, உடம்பை முறுக்கிப் பின்னால் நீட்ட வேண்டும். அப்போது வலது கால் தன்னையறியாமல் ரடர் பெடலை அழுத்தியிருக்கிறது என்பது விசாரணையின் முடிவு. பெட்ரோல் நிரப்பாதது, புது விமானத்தில் பழக்கம் போதாதது, வால்வு இருந்த இடம், எல்லாமே காரணமாகச் சொல்லப்பட்டன.

இப்போ என் கதை. எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். போன லீவில் அப்பாவின் ஆயில் இன்ஜினுக்கு நானே டீசல் டியூப் மாற்றினேன். அரை அடி டியூப் மிச்சம் பிடிக்க, காக்கை ஃப்ளைவீலுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். படித்த பிள்ளை செய்தது என்று அப்பா ஒண்ணும் சொல்லலை. சுற்றுகிற வீலுக்கு மேலே கையை நீட்டித் தினமும் மூடிக்கொண்டிருந்தார். டென்வர் கதையைப் படித்த அந்த வாரமே ஊருக்குப் போய் இந்தப் பக்கம் மாற்றினேன்.

நாம் மாட்டுகிற வால்வைத் திருப்பப் போவது இன்னொருவர் கை. டைட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு தடவை அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்ப்போம் நண்பர்களே!