மெழுகில் பதிந்த சாரீரம் – என்ரிக்கோ கரூஸோ



நம் சங்கத்தில் பணி ஓய்வு பெற்ற உறுப்பினர்கள் சிலர் அண்மைக்காலமாக ஒரு புதிய பொழுதுபோக்கில் இறங்கியிருக்கிறார்கள். பழைய ஒலிப்பதிவுகளைச் சுத்தம் செய்து, மெருகேற்றி, ‘ரீமாஸ்டர்’ என்ற பெயரில் வெளியிடும் ஸி.டி.க்களையும் எல்.பி.க்களையும் சேகரிப்பதுதான் அது. விலை கொஞ்சநஞ்சமல்ல. ஒரு நல்ல பதிப்புக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மாதத்து மருந்துச் செலவே முடிந்துவிடும். அட்டையில் 24 பிட் என்றும், 180 கிராம் என்றும் எண்கள் வேறு மிரட்டும். சென்ற காலாண்டுக் கூட்டத்தில் இரண்டு நண்பர்கள் என்னிடம், இதில் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது, அப்படி என்னதான் புதிதாகக் கிடைத்துவிடுகிறது என்று கேட்டார்கள். பௌதிகம் படித்தவன் என்பதால் என்னைக் கேட்டிருக்கலாம். நேராகப் பதில் சொல்வதைவிட, ஒரு மனிதருடைய வாழ்க்கையைச் சொன்னால் பதில் தானாகவே விளங்கும் என்று தோன்றியது. அவர் இத்தாலியப் பாடகர் என்ரிக்கோ கரூஸோ.

கரூஸோ 1873-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி நேப்பிள்ஸ் நகரில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை தொழிற்சாலை மெக்கானிக். உடன்பிறந்தவர்களில் பலர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். தந்தையின் விருப்பப்படி பதினோரு வயதிலேயே ஓர் இயந்திரப் பொறியாளரிடம் வேலை பழகச் சேர்க்கப்பட்டார். நகரத்தில் பொதுமக்களுக்கான குடிநீர் ஊற்றுகளைச் செய்யும் பட்டறை அது. மாலை வேளைகளில் மாதாகோயில் பாடற்குழுவில் பாடுவார். பிள்ளையிடம் ஏதோ இருக்கிறது என்று முதலில் கண்டுகொண்டவர் தாயார். அந்த அம்மாள் 1888-ல் காலமானபோது கரூஸோவுக்கு வயது 15. அதன்பின் தெருக்களிலும் காப்பிக் கடைகளிலும் பாடிக் கிடைத்த சில்லறை குடும்பச் செலவுக்கு உதவியது.

ராணுவத்தில் கட்டாய சேவைக்குப் போகவேண்டி வந்தபோது, சங்கீத ரசிகரான ஓர் அதிகாரியின் தயவால் 45 நாட்களில் விடுவிக்கப்பட்டார். அவருக்குப் பதிலாகத் தம்பி போய்ச் சேர்ந்தார். வெர்ஜீனே என்ற ஆசிரியரிடம் முறையாகப் பயின்று, 1895 மார்ச் 15-ஆம் தேதி நேப்பிள்ஸில் மேடையேறினார். ஐந்தே ஆண்டுகளில், 1900 டிசம்பரில், இத்தாலியின் மிகப் பெரிய சங்கீத சபையான மிலான் லா ஸ்காலாவில் தாஸ்கனீனியின் தலைமையில் பாடும் அளவுக்கு உயர்ந்தார்.

ஆனால் சொந்த ஊர் அவரைக் கைவிட்டது. 1901 டிசம்பரில் நேப்பிள்ஸின் ஸான் கார்லோ அரங்கில் அவர் பாடியபோது, ரசிகர்களில் ஒரு சாராரும் விமரிசகர்களும் எதிர்பார்த்த வரவேற்பைத் தரவில்லை. மனம் நொந்த கரூஸோ, இனி இந்த ஊரில் பாடுவதில்லை என்று முடிவெடுத்தார். கடைசிவரை அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

இனிதான் நம் விஷயம் ஆரம்பமாகிறது. 1902-ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பர்க் மிலானுக்கு வந்து கரூஸோவைக் கேட்டார். பத்துப் பாட்டுக்கு 100 பவுன் சம்பளம் என்று பேச்சாயிற்று. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. லண்டன் தலைமையகம் அவ்வளவு தரக்கூடாது என்று தந்தி கொடுத்தும், கெய்ஸ்பர்க் தம் பொறுப்பில் காரியத்தை முடித்துவிட்டார் என்று சொல்வார்கள். தலைமையகத்தின் குறிப்பாணைகளோடு காலம் தள்ளிய என்னைப் போன்றவர்களுக்கு அந்தத் துணிச்சலின் அருமை தெரியும். ஏப்ரல் மாதம் மிலானில் ஒரு ஹோட்டல் அறையில், பியானோ துணையோடு, ஒரே பிற்பகலில் பத்துப் பாட்டுகளும் பதிவாயின. அதே கெய்ஸ்பர்க் அதே ஆண்டு கப்பலேறி நம் கல்கத்தாவுக்கு வந்து, நவம்பரில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். இந்திய இசைத்தட்டுச் சரித்திரத்தின் தொடக்கமும் அந்தக் கையால்தான் எழுதப்பட்டது.

அன்றைய பதிவு முறையைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மைக் கிடையாது, மின்சாரப் பெருக்கி கிடையாது, ஒலிநாடா கிடையாது. பாடுபவர் ஒரு பெரிய தகரக் குழலின் வாயில் நின்று பாடவேண்டும். குழலின் மறுமுனையில் மெல்லிய சவ்வு அதிரும். அதனுடன் இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கீறும். உச்ச ஸ்தாயியில் உரக்கப் பாடும்போது பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஊசி துள்ளித் தட்டு பாழாகிவிடும். இந்தக் குழல் ஏறத்தாழ 200 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் பிடிக்கும். வயலின் சரியாக விழாததால் அதற்குக் குழல் பொருத்திய தனி வயலின் செய்தார்கள். பெரிய தந்தி வாத்தியங்களுக்குப் பதில் டியூபாவை ஊதினார்கள். பெண்களின் மெல்லிய உயர்ந்த குரல்கள் அந்தக் குழலில் நசுங்கின. கரூஸோவுக்குக் கனத்த, அடித்தளம் உள்ள ஆண் சாரீரம். குழல் எதைப் பிடிக்குமோ அந்த எல்லைக்குள்ளேயே அவர் குரலின் பலம் பெரும்பாலும் அடங்கியிருந்தது. அதுவரை விளையாட்டுச் சாமான் என்று பெரிய வித்வான்கள் ஒதுக்கிய கிராமபோனுக்கு, அவருடைய தட்டுகள் வந்த பிறகுதான் மரியாதை பிறந்தது. அந்தத் தட்டுகள் அரக்கால் ஆனவை. அரக்கில் பெரும்பகுதி நம் தேசத்திலிருந்து போனது என்பது நாம் நினைவில் வைக்கவேண்டிய செய்தி.

1903 நவம்பர் 23-ஆம் தேதி நியூயார்க் மெட்ரோபாலிடன் அரங்கில் முதன்முதலாகப் பாடினார். 1904 பிப்ரவரியில் விக்டர் கம்பெனிக்குப் பதிவுகள் தொடங்கின. அதற்குப் பிறகு இரண்டுமே அவர் உயிரோடு கலந்துவிட்டன. 1908-ல் அவர் உட்பட ஆறு பேர் சேர்ந்து பாடிய ஒரு தட்டு, ஒரு பக்கம் மட்டுமே பாட்டு உள்ள தட்டு, 7 டாலருக்கு விற்றது. விலையுயர்ந்த பதிப்புகளின் மோகம் இன்று நேற்று வந்ததல்ல.

1906 ஏப்ரலில் ஸான் பிரான்சிஸ்கோவில் அவர் பாடிய மறுநாள் விடியற்காலை அந்த நகரத்தைப் பூகம்பம் தகர்த்தது. உயிர் தப்பியவர், அந்த ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1910 ஜனவரியில் மெட்ரோபாலிடன் அரங்கிலிருந்து லீ டி ஃபாரஸ்ட் வானொலியில் சோதனை ஒலிபரப்பு நடத்தியபோது, காற்றில் ஏறிய குரல்களில் கரூஸோவின் குரலும் ஒன்று.

புகழ் வளர்ந்த அளவுக்கு வீட்டில் நிம்மதி இல்லை. அவருக்குப் பிள்ளைகளைப் பெற்றுக் கொடுத்த அடா ஜியாகெட்டி 1908-ல் அவரை விட்டுப் பிரிந்தார். மறு ஆண்டே தொண்டையில் கட்டிக்காக அறுவை சிகிச்சை நடந்தது. இருந்தும் சகஜ சுபாவத்தை விடவில்லை. கையில் பென்சில் கிடைத்தால் உடன் இருப்பவர்களைக் கேலிச் சித்திரமாக வரைந்துவிடுவார். நியூயார்க் இத்தாலியப் பத்திரிகை ஒன்று அவற்றைத் தொடர்ந்து வெளியிட்டது. 1913-ல் பிலடெல்ஃபியாவில் சக பாடகர் ஒருவருக்கு மேடையிலேயே தொண்டை கட்டிப்போக, கரூஸோ சபைக்கு முதுகைக் காட்டி நின்று, மந்த்ர ஸ்தாயியில் அவருடைய பாட்டையும் சேர்த்துப் பாடிக் காப்பாற்றினார். பின்னர் அதைத் தட்டிலும் பதிவு செய்தார். ஆனால் சக வித்வானின் பாட்டை வைத்துச் சம்பாதிப்பது தர்மமல்ல என்று நினைத்தாரோ என்னவோ, தம் காலத்தில் விற்பனைக்கு விடவில்லை.

1918-ல் டாரதி பெஞ்சமின் என்ற அமெரிக்கப் பெண்மணியை மணந்தார். 1919 டிசம்பரில் குளோரியா என்ற பெண் குழந்தை பிறந்தது. வாழ்க்கை சீராகிறது என்று நினைத்த வேளையில் உடம்பு தளர்ந்தது. 1920 செப்டம்பர் 16-ஆம் தேதி கடைசி ஒலிப்பதிவு. டிசம்பர் 11-ஆம் தேதி புரூக்ளினில் பாடிக்கொண்டிருக்கும்போதே தொண்டையிலிருந்து ரத்தம் வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டுகள் கொடுத்தார்கள். அவர் துடைத்துக்கொண்டு முதல் அங்கம் முடியும்வரை பாடினார். டிசம்பர் 24-ஆம் தேதி வலியோடு மீண்டும் மேடையேறினார். அதுவே கடைசி. நுரையீரல் உறையில் சீழ் கட்டியிருந்தது. பெனிசிலின் இல்லாத காலம். பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு தாய்நாடு திரும்பியவர், 1921 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, இனிப் பாடுவதில்லை என்று விலகிய அதே நேப்பிள்ஸில் உயிர் நீத்தார். வயது 48. பாட மறுத்த ஊரே திரண்டு அவரை வழியனுப்பியது.

அவர் விட்டுச் சென்ற வெளியான பதிவுகள் 247. மின்சார மைக் கொண்ட பதிவு 1925-ல்தான் வந்தது. நான்கே ஆண்டுகள்! அவர் இருந்திருந்தால் அதன் முன் நின்று பாடியிருப்பார். அந்த ஏக்கம்தான் கடந்த நூறாண்டுகளாகப் பொறியாளர்களைத் தூண்டியிருக்கிறது.

அவர்கள் இரண்டு பாதைகளில் போனார்கள். முதலாவது, சேர்ப்பது. 1932 முதல், பழைய தட்டின் மங்கிய பக்கவாத்தியத்தை அடக்கிவிட்டு, புதிய ஆர்க்கெஸ்ட்ராவை அதன்மேல் பதிந்து விற்றார்கள். 2000-ஆம் ஆண்டை ஒட்டியும் அதே முயற்சி புதிய கருவிகளோடு நடந்தது. கேட்க ஆடம்பரமாக இருக்கும். ஆனால் இறந்தவர் பின்னால் உயிருள்ளவர்கள் வாசிப்பதால், பாடகரும் பக்கவாத்தியமும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் அந்த ஜீவன் அதில் இராது.

இரண்டாவது பாதை, நீக்குவது. 1976-ல் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஸ்டாக்ஹாம் கம்ப்யூட்டரைக் கொண்டு செய்தது இது. நிக்ஸன் ஒலிநாடாவில் 18½ நிமிட வெற்றிடத்தை ஆராய்ந்த குழுவில் இருந்தவர் அவரேதான். குடத்துக்குள் வாயை வைத்துப் பேசினால் சில ஸ்வரங்கள் மட்டும் கும்மென்று ஒலிக்கும் அல்லவா? தகரக் குழலும் அதையே செய்தது. நவீன காலப் பாடகரின் பதிவோடு ஒப்பிட்டு, குழலின் குறும்பு எவ்வளவு என்று கணக்கிட்டு, அதை மட்டும் கழித்தார். பிற்பாடு கண்பார்வையற்ற அமெரிக்கரான வார்ட் மார்ஸ்டன், நல்ல நிலையிலுள்ள தட்டுகளைத் தேடிப்பிடித்து, சரியான வேகத்தில் ஓடவிட்டு மாற்றிய பதிப்பு நாக்ஸாஸ் வெளியீடாக 12 பாகங்களில் வந்தது. வேகம் சிறிய விஷயமல்ல. நிமிஷத்துக்கு 74 சுற்றில் பதிந்ததை 78-ல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். கனத்த குரல் மெலிந்து, ஆளே மாறிவிடுவார்.

1978-ல் உத்தியோக நிமித்தம் கல்கத்தாவில் இருந்தபோது, ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட் பழைய கடையொன்றில் கரூஸோவின் 78 சுற்றுத் தட்டு ஒன்றை வாங்கினேன். அந்தப் பாட்டின் மூன்று வடிவங்கள் இப்போது என்னிடம் உள்ளன. தேய்ந்த தட்டில் கரகரப்புக்கு நடுவே குரல் வருகிறது. மட்டமான ஸி.டி. ஒன்றில் கரகரப்பு இல்லை, ஆனால் அதோடு மூச்சும் போய்விட்டது. கம்பளியைப் போர்த்திப் பாடுவது போல இருக்கிறது. நல்ல பதிப்பில் லேசான இரைச்சல் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு மனிதர் மூச்சை இழுத்துப் பாடுகிறார். சங்கீதம் அதிகம் அறியாத என் ஆத்துக்காரிகூட மூன்றாவதைத்தான் மறுபடி போடச் சொன்னாள்.

ஆகவே, சேகரிக்கத் தொடங்கும் அன்பர்களுக்கு என் யோசனை இதுதான். அட்டையில் பெரிய எழுத்தில் உள்ள எண்களை விட்டுவிட்டு, சிறிய எழுத்தில் உள்ளதைப் படியுங்கள். மூலம் எது, மாற்றியவர் யார், எந்த ஆண்டு என்று சொல்லியிருந்தால் வாங்குங்கள். ஒன்றும் சொல்லாத பதிப்பைத் தவிருங்கள். 2,500 ஹெர்ட்ஸோடு நின்றுபோன பதிவை எத்தனை பிட்டில் கொடுத்தாலும் அதில் இல்லாதது வராது. என் காதுப் பரிசோதனைச் சீட்டின்படி 6,000-க்கு மேல் எனக்கும் அவ்வளவாகக் கேட்பதில்லை. அந்த வகையில் கரூஸோவும் நானும் நல்ல ஜோடி. விலை கொடுக்குமுன் இலவசமாகவும் கேட்கலாம். 1923-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் அமெரிக்கச் சட்டப்படி 2022 ஜனவரி 1 முதல் பொதுச் சொத்து. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அத்தகைய விக்டர் தட்டுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. முதலில் அந்த மெருகேற்றாத வடிவத்தைக் கேட்டுக் காதைப் பழக்கிக்கொண்டால், ரீமாஸ்டரில் நீக்கியது எது, சேர்த்தது எது என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

பட்டறைப் பையனாகத் தொடங்கி, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு பாடி முடித்தவருக்கு, அவர் பாடியதை அப்படியே கேட்பதுதான் நாம் செய்யும் மரியாதை.