மன்றோ துரையும் வேலூர்க் கலகமும்

பாராமகால் என முற்காலத்தில் வழங்கிய நம் தருமபுரி நாட்டார்க்குச் சர் தாமஸ் மன்றோவின் பெயர் புதிதன்று. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்நாடு திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு வந்தது. ரீடு துரைக்கு உதவியாளராய் வந்த மன்றோ, 1799 வரை இங்கிருந்து நிலங்களை அளப்பித்துத் தீர்வை வகுத்தார். அவரும் அயலார் ஆட்சியின் ஊழியரே; அளந்ததும் வரி தண்டுதற்கே. ஆயினும் குடியானவர் சொல்லைச் செவிசாய்த்துக் கேட்டவர் என்பதை நாம் மறுப்பதற்கில்லை.

கிளாஸ்கோ நகரில் 1761-இல் பிறந்த அவர், 1780-இல் சென்னைக்கு வந்தது படைவீரராகவே. ஐதரோடு நிகழ்ந்த போரில் சிப்பாய்களுடன் நின்று பொருதவர். அவ்வனுபவம் பின்னர்ப் பயன்பட்டது.

1805-ஆம் ஆண்டு இறுதியில், சிப்பாய்கள் நெற்றியில் சமயக்குறி இடலாகாது, தாடி வைத்தலாகாது என்று சேனாதிபதி கிரடாக்கு கட்டளை பிறப்பித்தார். தொப்பியை ஒத்த புதுத் தலைப்பாகையும், அதில் தோற்குஞ்சமும் வந்தன. வேலூரில் அதனை அணிய மறுத்தோருள் ஓர் இந்துவுக்கும் ஒரு முகமதியருக்கும் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டது. 1806 சூலை 10-ஆம் நாள் விடியுமுன் கோட்டையில் கலகம் மூண்டது. ஆர்க்காட்டிலிருந்து விரைந்த கில்லெஸ்பி அன்றே அதனை அடக்கினார்; மாண்ட சிப்பாய்கள் பல நூற்றுவர்.

கோட்டையில் காவலிலிருந்த திப்புவின் மைந்தர்மீதே அரசாங்கத்தாரின் ஐயம் சென்றது. அப்பொழுது அனந்தப்பூரில் கலெக்டராயிருந்த மன்றோவுக்குக் கவர்னர் பெண்டிங்கு எச்சரித்து எழுதினார். மன்றோ எழுதிய மறுமொழி வேறுவிதமாயிருந்தது. சுல்தான் வமிசத்தை மீட்டும் அரியணை ஏற்றும் விருப்பம், படையில் பெரும்பாலாரான இந்துக்களுக்கு இருத்தற்கில்லை. முகமதியருள்ளும் ஒரு சாரார்க்கே இருக்கும். ஐதர் காலத்தில் மாதக்கணக்காய்ச் சம்பளம் நிலுவையில் நின்றும், பகைவர் ஆசை காட்டியும், இவர்கள் இவ்வாறு கூடிக் கிளர்ந்ததில்லை. தம்மைக் கிறிஸ்தவராக்கவே தலைப்பாகை வந்தது என்ற அச்சம் அறிவுடையோரிடத்தும் பரவியிருந்தது. அதுவே காரணம் என்றார். மேலிடத்தார் விரும்பாததை எழுதிய துணிவு சிறிதன்று. ஆனால், எத்தனை ஆண்டு உழைத்தாலும் சிப்பாய் சுபேதார் பதவிக்கு மேல் ஏறவியலாத குறையையும் உடன்வைத்தே நாம் எண்ணுதல் வேண்டும். உயர்பதவிகள் இந்நாட்டார்க்கு அடைபட்டிருந்த தீங்கை மன்றோவும் கவர்னரான பின் 1824-இல் விரித்தெழுதினார்.

கட்டளைகள் திரும்பப் பெறப்பட்டன. பெண்டிங்கும் கிரடாக்கும் 1807-இல் பதவியினின்று அழைத்துக்கொள்ளப்பட்டனர். திப்புவின் மைந்தர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். மன்றோ 1820-இல் சென்னைக் கவர்னராகி, 1827 சூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் மாண்டார்.